கணினியால் அளப்போம்



பால் மரம் வெட்டிப் பிழைத்த குடும்பங்களுக்கு இந்தக் காட்சியை நாம் அதிகம் விளக்க வேண்டியதில்லை. வெயில் ஏறத் தொடங்கும் வேளை. மங்குகளிலிருந்து சேர்த்த பாலை வாளிகளில் சுமந்து வந்து, நிறுக்கும் கொட்டகைக்கு முன் தொழிலாளர் வரிசையாக நிற்பார்கள். கிராணி தராசைப் பார்ப்பார். புத்தகத்தில் ஓர் எண்ணை எழுதுவார். பிறகு கொஞ்சம் பாலை எடுத்து, அதில் மெட்ரோலாக் என்னும் கண்ணாடிக் கருவியை மிதக்கவிடுவார். மற்றோர் எண்ணை எழுதுவார். அந்த எண்களைப் பொறுத்துத்தான் அன்றைய கணக்கு.

அந்த இரண்டாவது எண் எதைக் குறித்தது? பாலில் தண்ணீர் போக உண்மையான ரப்பர் எவ்வளவு என்பதைக் குறித்தது. மரத்திலிருந்து இறங்கும் பாலில் பெரும்பகுதி நீர்தான். நூறு கிலோ பாலில் ஏறத்தாழ முப்பது முதல் முப்பத்தைந்து கிலோவரை உலர்ந்த ரப்பர் இருப்பது வழக்கம். ரப்பர் நீரைவிட இலேசானது. ஆகவே பாலில் ரப்பர் கூடக்கூட, கருவி ஆழமாக அமிழும். அமிழ்ந்த கோட்டைப் பார்த்து விழுக்காட்டைச் சொல்லிவிடலாம்.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒருவர் கொண்டுவந்த பால் 20 கிலோ. கருவி 35 விழுக்காடு என்று காட்டினால், உலர்ந்த ரப்பர் 7 கிலோ. 30 விழுக்காடு என்று காட்டினால் 6 கிலோதான். ஒரு நாளைக்கு ஒரு கிலோ வேறுபாடு; இருபத்தைந்து நாள் வேலைக்கு இருபத்தைந்து கிலோ! கோட்டைச் சற்றே மேலோ கீழோ படித்துவிட்டால், ஒரு குடும்பத்தின் மாதக் கணக்கே மாறிவிடும். பாலின் சூடு மாறினாலும் அந்தக் கருவியின் அளவு சற்று மாறும். ஆனால் வரிசையில் நின்ற எத்தனை பேருக்கு அந்தக் கோட்டைப் படிக்கத் தெரிந்திருந்தது? படிக்கத் தெரியாதவர், எழுதியதை ஏற்றுக்கொண்டு போவதைத் தவிர வேறு என்ன செய்ய முடியும்?

ஆகவே, நேயர்களே, அளவை என்பது படித்தவர்களின் பொழுதுபோக்கன்று. அது கூலியின் கதை, நியாயத்தின் கதை. இன்று அளக்கும் வேலையைப் பெரும்பாலும் கணினி செய்கிறது. அது எப்படி அளக்கிறது, நம் பிள்ளைகள் அதைக் கற்பது எப்படி என்பதே இன்றைய உரையின் பொருள்.

தோட்டங்களிலேயே அந்த மாற்றத்தைக் காண்கிறோம். ரப்பர் இருந்த இடங்களில் செம்பனை வந்தது. செம்பனைக் குலைகளை ஏற்றிய லாரி ஆலை வாசலில் ஒரு மேடைமீது ஏறி நிற்கிறது. அலுவலக அறையில் எண்கள் ஒளிர்கின்றன. அந்த மேடைக்கு அடியில் முள் இல்லை, எடைக்கல் இல்லை. உறுதியான உலோகக் கட்டைகள் சில உள்ளன. லாரியின் பாரம் அழுத்தும்போது அந்த உலோகம் கண்ணுக்குத் தெரியாத அளவு நெளிகிறது. அதன்மேல் ஒட்டப்பட்ட மெல்லிய கம்பிகளும் அதனோடு நீள்கின்றன அல்லது சுருங்குகின்றன. அதனால் அவற்றின் மின்தடை மாறுகிறது, மின்னழுத்தம் மாறுகிறது. அந்த மாற்றத்தைத்தான் கணினி எடையாகச் சொல்கிறது.

ரப்பர் பாலுக்கும் இப்படி ஒரு வழியை நம் வட்டாரத்திலேயே கண்டார்கள். செர்டாங்கிலுள்ள புத்ரா பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் கைடா காலிட் உள்ளிட்ட ஆய்வாளர்கள், நுண்ணலைகளைப் பாலுக்குள் செலுத்தி, அதிலுள்ள நீரின் அளவை அறியும் கருவியை உருவாக்கினார்கள். நீர் நுண்ணலையை மிகுதியாக உறிஞ்சும். ரப்பர் அவ்வளவு உறிஞ்சாது. எவ்வளவு உறிஞ்சப்பட்டது என்று பார்த்தால் நீர் எவ்வளவு, ரப்பர் எவ்வளவு என்பது தெரிந்துவிடும்.

எடையாகட்டும், வெப்பமாகட்டும், ஆற்றின் மட்டமாகட்டும், கணினி அளக்கும் வழி ஒன்றே. அதில் நான்கு படிகள் உண்டு. முதற்படி, உணரி. வெளி உலகில் உள்ள ஒன்றை உணர்ந்து மின்னழுத்தமாக மாற்றித் தரும் சிறு பொருள் அது. இரண்டாம் படி, அந்த மின்னழுத்தத்தை எண்ணாக மாற்றுதல். மூன்றாம் படி, அந்த எண்ணை நமக்குப் புரியும் அளவாகக் கணக்கிடுதல். நான்காம் படி, அதைத் திரையில் காட்டுதல், பதிந்துவைத்தல், தேவையானால் மணி அடித்து எச்சரித்தல்.

ஓர் எடுத்துக்காட்டால் இதை விளங்கிக்கொள்வோம். எல்.எம். 35 என்று ஒரு வெப்ப உணரி உண்டு. சட்டைப் பொத்தானைவிடச் சிறியது. மூன்று கால்கள் கொண்டது. கோலாலம்பூரில் ஜாலான் பாசார் பகுதியில் மின்னணு உதிரிப்பொருள் விற்கும் கடைகள் வரிசையாக இருக்கின்றன. அத்தகைய கடைகளில் கிடைக்கும். வெப்பம் ஒரு பாகை செல்சியஸ் கூடினால், இந்த உணரி தரும் மின்னழுத்தம் 10 மில்லிவோல்ட் கூடும். ஒரு வோல்ட்டில் ஆயிரத்தில் ஒரு பங்கு மில்லிவோல்ட். கைவிளக்கில் போடும் பேட்டரி ஒன்றின் மின்னழுத்தம் ஒன்றரை வோல்ட் என்பதை நினைத்துக்கொண்டால், இது எவ்வளவு சிறியது என்பது விளங்கும். அறையின் வெப்பம் 30 பாகை என்றால் உணரி 300 மில்லிவோல்ட் தரும்.

இதை எண்ணாக மாற்ற அர்டுயினோ என்னும் சிறு மின்பலகையைப் பயன்படுத்தலாம். 2005-இல் இத்தாலி நாட்டில் மாணவர்களுக்காகத் தோன்றிய பலகை இது. அதன் ஊனோ என்னும் வகை, 5 வோல்ட்வரையுள்ள மின்னழுத்தத்தை 1024 சம பங்குகளாகப் பிரிக்கிறது. 1024 கோடுகள் போட்ட ஓர் அடிக்கோல் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பங்கு ஏறத்தாழ 4.88 மில்லிவோல்ட். பலகை 62 என்ற எண்ணைக் கொடுத்தால், 62-ஐ 4.88-ஆல் பெருக்க வேண்டும், 302.56 மில்லிவோல்ட் வரும். அதைப் பத்தால் வகுத்தால் 30.3 பாகை. அவ்வளவுதான் கணக்கு! ஆறாம் ஆண்டு மாணவன் போடக்கூடிய பெருக்கலும் வகுத்தலும்தாம்.

இங்கே ஒன்றை ஊன்றிக் கவனிக்க வேண்டும். இரண்டு கோடுகளுக்கு நடுவே உள்ளது இந்த அடிக்கோலுக்குத் தெரியாது. ஆகவே இந்த ஏற்பாட்டில் அரைப் பாகைக்குக் குறைந்த மாற்றத்தைக் காண முடியாது. அரைக் கிலோவுக்கு ஒரு கோடு போட்ட தராசில் கால் கிலோ என்னவாகும்? அது யாருடைய கணக்கிலாவது போய்ச் சேரும். திரையில் 30.27 என்று அழகாக எண் மின்னினாலும், கடைசி எண்ணை நம்பலாமா என்று கேட்கத் தெரிந்தவனே அளவை கற்றவன்.

சரி, கணினியிடம் இந்தக் கணக்கைச் செய்யச் சொல்வது எப்படி? கணினிக்குத் தரும் கட்டளைத் தொகுப்பை நிரல் என்கிறோம். முன்பெல்லாம் நிரல் என்றால் வரிவரியாக ஆங்கிலச் சொற்களும் குறிகளும் எழுத வேண்டும். ஒரு புள்ளி தவறினாலும் வேலை நின்றுவிடும். இதைக் கண்டு மலைத்து ஒதுங்கிய பிள்ளைகள் பலர்.

இதற்கு ஒரு மாற்று வழி பிறந்தது. அமெரிக்காவில் டெக்சஸ் மாநிலத்தின் ஆஸ்டின் நகரில், 1976-இல் ஜேம்ஸ் ட்ரூச்சார்ட், ஜெஃப் கோடோஸ்கி, பில் நவ்லின் ஆகிய மூவர் நேஷனல் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள். அளவைக் கருவிகளோடு கணினியை இணைப்பது அவர்கள் தொழில். 1986-இல் அந்நிறுவனம் லேப்வியூ என்னும் மென்பொருளை வெளியிட்டது. அதில் நிரலை எழுதுவதில்லை; வரைகிறோம். ஆகவே இதனைப் படவழி நிரலாக்கம் என்று சொல்லலாம். 2023-இல் அந்நிறுவனம் எமர்சன் என்ற பெரிய நிறுவனத்துக்குச் சொந்தமானது. வாணிகத்துக்கு அல்லாமல் சொந்தமாகக் கற்பவர்களுக்கென்று லேப்வியூவின் இலவசப் பதிப்பு ஒன்றும் 2020-இல் வெளிவந்தது.

லேப்வியூவில் இரண்டு சாளரங்கள் உண்டு. ஒன்று முகப்பு. அதில் முள் காட்டும் வட்டம், வெப்பமானி, விளக்கு, பொத்தான், வரைபடம் ஆகியவற்றை எடுத்துப் பொருத்திக்கொள்ளலாம். உண்மையான கருவியின் முகம் போலவே திரையில் தெரியும். மற்றொன்று உட்புறம். அதில் பெட்டிகளும், அவற்றை இணைக்கும் கம்பிகளும் இருக்கும். ஒரு பெட்டி கூட்டும். ஒரு பெட்டி பெருக்கும். ஒரு பெட்டி ஒப்பிட்டுப் பார்க்கும். பின்ன எண்கள் செல்லும் கம்பி ஆரஞ்சு நிறம்; முழு எண்கள் செல்லும் கம்பி நீலம்; ஆம், இல்லை என்ற விடை செல்லும் கம்பி பச்சை.

இதைப் புரிந்துகொள்ள நம்மவர்களைவிடத் தகுதியானவர் யார்? வெட்டிய கோட்டின் வழியே பால் ஓடி, தகரத்தில் இறங்கி, மங்கில் விழுந்து, வாளிக்குப் போய், கொட்டகைக்கு வருகிறதல்லவா? அதுபோலவே இங்கே எண்கள் கம்பி வழியே ஒரு பெட்டியிலிருந்து மற்றொரு பெட்டிக்கு ஓடுகின்றன. பால் உறையப் பாலும் வரவேண்டும், திராவகமும் வரவேண்டும். ஒன்று வந்து மற்றொன்று வராவிட்டால் தொட்டி காத்திருக்கும். பெருக்கும் பெட்டியும் அப்படியே. இரண்டு எண்களும் வந்து சேர்ந்த பிறகுதான் அது வேலை செய்யும். இந்த ஒரு விதியை விளங்கிக்கொண்டால் லேப்வியூவில் பாதி விளங்கிவிட்டது.

நாம் மேலே போட்ட வெப்பக் கணக்கை இப்போது வரைந்து பார்ப்போம். முதற்பெட்டி உணரியின் எண்ணைப் பெற்றுத் தருகிறது. அதிலிருந்து ஒரு கம்பி பெருக்கும் பெட்டிக்குப் போகிறது, அங்கே 4.88 காத்திருக்கிறது. விடை வகுக்கும் பெட்டிக்குப் போகிறது. அங்கே 10 காத்திருக்கிறது. வரும் விடைதான் வெப்பம். அந்தக் கம்பியை இரண்டாகப் பிரித்து, ஒன்றை வரைபடத்துக்கும், மற்றொன்றை ஒப்பிடும் பெட்டிக்கும் கொடுக்கிறோம். வெப்பம் 35-க்கு மேல் போனால் விளக்கு எரியட்டும் என்கிறோம். இவற்றையெல்லாம் சுற்றி ஒரு சதுரக் கட்டம் போடுகிறோம். கட்டத்துக்குள் உள்ளவை நாம் நிறுத்தும்வரை திரும்பத் திரும்ப நடக்கும்.

சிறு பிள்ளைகளுக்கு இதைவிட எளிய வாயிலும் உண்டு. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் 2007-இல் ஸ்கிராட்ச் என்னும் இலவச மென்பொருளை வெளியிட்டது. அதில் வண்ணக் கட்டைகளை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கினால் நிரல் ஆகிவிடும். லேப்வியூவில் கம்பி போகும் வழியே வேலை நடக்கும். ஸ்கிராட்சில் மேலிருந்து கீழாக, அடுக்கிய வரிசையில் நடக்கும். 2016-இல் பிரிட்டனில் பி.பி.சி. நிறுவனம் பள்ளி மாணவர்களுக்கு வழங்கிய மைக்ரோபிட் என்னும் பலகையையும் இவ்வாறே கட்டைகளை அடுக்கி இயக்கலாம். உள்ளங்கையில் அடங்கும் அந்தப் பலகையிலேயே வெப்பம், ஒளி, அசைவு ஆகியவற்றை உணரும் வசதி உண்டு. நம் நாட்டில் 2017-இல் புதிய பாடத்திட்டத்தோடு, படிவம் ஒன்றுக்கு அடிப்படைக் கணினி அறிவியல் என்ற பாடமும் அறிமுகமானது.

இனி, கிள்ளான் பள்ளத்தாக்கில் வாழும் நமக்கு இது எவ்வளவு அருகில் இருக்கிறது என்று பார்ப்போம். கோலாலம்பூரில் 2007-இல் திறக்கப்பட்ட ஸ்மார்ட் சுரங்கத்தை அறிவீர்கள். 9.7 கிலோமீட்டர் நீளமுள்ள வெள்ள வடிகால் அது. அதன் நடுப்பகுதியில் வாகனச் சாலையும் இருக்கிறது. அதே சுரங்கத்தில் கார் போவதா, வெள்ளம் போவதா என்று எப்படி முடிவு செய்கிறார்கள்? கிள்ளான் ஆறும் அம்பாங் ஆறும் சேரும் இடத்தருகே நீரோட்டத்தை அளக்கிறார்கள். திட்டப்படி, வினாடிக்கு 70 கன மீட்டருக்குக் குறைவாக நீர் ஓடும்வரை எல்லாம் வழக்கம்போல் நடக்கும். அதைத் தாண்டினால் சாலைக்கு அடியிலுள்ள பகுதியில் நீர் விடப்படும். 150-ஐத் தாண்டும் பெருமழையில் வாகனங்களை வெளியேற்றிச் சாலையை மூடி, சுரங்கம் முழுவதையும் வெள்ளத்துக்குத் திறந்துவிடுவார்கள். நாம் வரைந்த ஒப்பிடும் பெட்டி செய்ததும் இதே வேலைதான் அன்றோ? ஓர் எண் எல்லையைத் தாண்டிவிட்டதா, இல்லையா என்ற ஒரே கேள்வி.

2021 டிசம்பர் 18-ஆம் நாளை ஷா ஆலாம், கிள்ளான் மக்கள் மறக்கமாட்டார்கள். தாமான் ஸ்ரீ மூடாவில் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. மேல்மாடியிலும் கூரையிலும் மக்கள் உதவிக்காகக் காத்திருந்தார்கள். நீர்ப்பாசன, வடிகால் இலாகா நாடெங்கும் மழை அளக்கும் நிலையங்களையும் ஆற்று மட்டம் அளக்கும் நிலையங்களையும் வைத்திருக்கிறது. அவற்றின் எண்கள் இணையத்தில் எவரும் பார்க்கும்படி வெளியாகின்றன. வழக்கநிலை, கவனம், எச்சரிக்கை, அபாயம் என்று நான்கு நிலைகள் அதில் உண்டு. அந்த எண்களைப் படித்து, அருகிலுள்ள ஆறு ஒரு மணி நேரத்தில் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று கணக்கிட்டுச் சொல்ல வீட்டில் ஒரு பிள்ளை இருந்தால், பாட்டியை மாடிக்கு ஏற்றவும், பத்திரங்களைப் பையில் எடுத்து வைக்கவும் நேரம் கிடைக்கும். மெட்ரோலாக்கின் கோட்டைப் படிக்கத் தெரியாமல் நின்ற தலைமுறையின் பேரப்பிள்ளைகள் ஆற்றின் கோட்டைப் படிக்கட்டும்.

கணினி சொல்லிவிட்டால் அது சரியாகத்தான் இருக்கும் என்று நினைப்போர் உண்டு. அப்படியன்று. நாம் குறிப்பிட்ட மைக்ரோபிட் பலகையையே எடுத்துக்கொள்வோம். அதன் வெப்ப எண், பலகையிலுள்ள சில்லின் சூட்டிலிருந்து கிடைப்பது. வேலை செய்யும்போது சில்லு சூடாவதால், அறை வெப்பத்தைவிடச் சில பாகை கூடுதலாகக் காட்டக்கூடும். ஆகவே எந்தக் கருவியையும் நம்புவதற்கு முன் சரிபார்க்க வேண்டும். நம்பத்தக்க வெப்பமானி ஒன்றை அருகில் வைத்து, காலை, நண்பகல், இரவு என்று மூன்று வேளை இரண்டையும் ஒப்பிட்டு எழுதினால் வேறுபாடு தெரிந்துவிடும். அந்த வேறுபாட்டைக் கழிக்க நிரலில் ஒரு கட்டையைச் சேர்த்துவிடலாம்.

நாட்டின் தராசுகளுக்கும் இதே முறைதான். செப்பாங் வட்டாரத்தில் சாலாக் திங்கியில் தேசிய அளவையியல் கழகம் இருக்கிறது. நாட்டின் எடை, நீளம், வெப்பம் முதலியவற்றுக்கு மூல அளவுகள் அங்கே காக்கப்படுகின்றன. 1972-ஆம் ஆண்டின் எடை, அளவைச் சட்டப்படி, வாணிகத்துக்குப் பயன்படும் தராசுகள் சரிபார்க்கப்பட்டு முத்திரை பெற்றிருக்க வேண்டும். சந்தையில் மீன் வாங்கும்போதும், பழைய இரும்பை எடைக்குப் போடும்போதும் அந்த முத்திரை இருக்கிறதா என்று பார்ப்பது நம் உரிமை.

நேயர்கள் சிலர் கேட்கக்கூடும்: “எங்கள் பிள்ளைக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராதே ஐயா, வீட்டில் கணினியும் இல்லையே, இதெல்லாம் ஆகுமா?” நியாயமான கேள்வி. படவழி நிரலில் கற்க வேண்டிய ஆங்கிலச் சொற்கள் மிகச் சிலவே. ஒரு வாரத்தில் பழகிவிடும். ஆனால் பின்னம், தசமம், விழுக்காடு, வரைபடம் ஆகிய நான்கும் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். அவற்றைத் தமிழ்ப்பள்ளியில் தமிழிலேயே கற்கிறார்கள். ஆகவே அடித்தளம் நம் பள்ளியிலேயே இருக்கிறது. கணினிக்குப் பள்ளிக்கூட ஆய்வறையையோ, ஷா ஆலாமிலுள்ள ராஜா துன் ஊடா நூலகம் போன்ற பொது நூலகத்தையோ நாடலாம். பிரிக்பீல்ட்சிலும் கிள்ளானிலும் நம்மவர் நடத்தும் பயிற்சி வகுப்புகள் பல உண்டு; நாலைந்து பெற்றோர் சேர்ந்து கேட்டால், மாதம் ஒரு சனிக்கிழமை இதற்கும் ஒதுக்கச் செய்யலாம். பலகையின் விலையும் ஒரு கைப்பேசியின் விலையில் சிறு பங்குதான். ஐந்து பிள்ளைகள் ஒன்றைப் பகிர்ந்துகொள்ளலாம்.

முதற் பாடமாக ஒரு சோதனையைச் சொல்கிறோம். தகரக் கூரைக்கு அடியில் ஒரு நாள், சன்னல் ஓரத்தில் ஒரு நாள் என்று உணரியை வைத்து, பத்து நிமிடத்துக்கு ஒரு முறை வெப்பத்தைப் பதியட்டும். மாலையில் வரைபடத்தைப் பார்க்கட்டும். வீடு எந்த நேரத்தில் மிகச் சூடாகிறது, சன்னலைத் திறந்தால் எத்தனை பாகை இறங்குகிறது என்பதை அம்மாவுக்குச் சொல்லட்டும். அது பிள்ளை தானே கண்டறிந்த உண்மை. யாருடைய புத்தகத்திலிருந்தும் எடுத்ததன்று. பெண் பிள்ளைகளை இதிலிருந்து ஒதுக்கிவிடாதீர்கள். தோட்டத்தில் ஆணுக்கு நிகராக மரம் வெட்டியவர்கள் நம் தாய்மார்கள்தாமே!

படிவம் ஐந்துக்குப் பிறகு இந்த அறிவு தொழிலாகவும் ஆகும். ஷா ஆலாமில் பாலிடெக்னிக் கல்லூரி இருக்கிறது. மனிதவள இலாகாவின் உயர்தொழில்நுட்பப் பயிற்சி மையமும் இருக்கிறது. ஆலைகளில் உணரிகளைப் பொருத்தவும், சரிபார்க்கவும், பழுது பார்க்கவும் தொழில்நுட்பர்கள் வேண்டும். ஓரிரு மாதத்தில் வேலை கிடைத்துவிடும் என்று நாம் ஆசை காட்டவில்லை. பொறுமை வேண்டும், மின்சாரம், கணிதம் இரண்டையும் முறையாகப் படிக்க வேண்டும். வீட்டில் ஒரு பலகையோடு விளையாடித் தொடங்கிய பிள்ளைக்கு அந்தப் படிப்பு அச்சம் தராது என்பதே நாம் சொல்வது.

தோட்டத்துக் கொட்டகையில் எண்ணை எழுதியவர் ஒருவர், ஏற்றுக்கொண்டவர்கள் பலர். இனி எண் எங்கிருந்து வந்தது என்று பணிவாகவும் தெளிவாகவும் கேட்கத் தெரிந்தவர்கள் நம் வீடுகளில் வளரவேண்டும். இன்று இரவு சாப்பாடு முடிந்ததும், பிள்ளையை அருகில் அழைத்து, இருபது கிலோ பாலில் முப்பத்தைந்து விழுக்காடு எவ்வளவு என்று கேட்டுப் பாருங்கள். அங்கிருந்து தொடங்கலாம்.